ஊத்தின எண்ணெயைத் திருப்பிக் கேட்கும் பங்க்

ஊத்தின எண்ணெயை, வண்டி ஓடி முடித்ததும் திருப்பிக் கேட்கிற பங்க்கில் எனக்கு வேலை. நாமக்கல் பைபாஸில், சோதனைக்காகப் போட்டது. புதுசாக எதையாவது ஊருக்குள் கொண்டுவந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

கற்பூரம்

முதல் வண்டி முத்தாயக்காவுடையது. அந்த ஒரே லாரிதான் அவர் பிழைப்பு. டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு எங்கள் சாமானை மாட்டியிருந்தோம். "தொப்பூர் மேட்டை லோடோடு ஏறிக் காட்டுங்க, இல்லைன்னா இனிமே லோடு கிடையாது" என்று லோடு பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் தேங்காய் பழத்தோடு வந்த அக்கா, பம்புக்குப் பக்கத்திலேயே கற்பூரத்தைப் பற்ற வைத்துவிட்டார். "ஐயோ அக்கா!" என்று ஓடித் தட்டைப் பிடுங்கினேன். அப்புறம் மூச்சு வாங்க விளக்கினேன். ஹைட்ரஜன் இந்த எண்ணெயோடு ஒட்டிக் கிடக்கிறது. கேபினுக்குப் பின்னால் இருக்கிற பெட்டி சூடாக்கினால்தான் பிரியும், அதில் கரண்ட் எடுத்து வண்டி ஓடும். எண்ணெய் லேசில் பற்றிக்கொள்ளாது, ஆனாலும் பங்க் பங்க்தான். அக்கா குழாயை மோந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, தீப்புடிக்காத எண்ணெயில வண்டி எப்படிங்க ஓடும்?"

ஸ்பிரிங் பட்டை

டிரைவர் மாரப்பண்ணன் காலி வண்டியைத் திருச்செங்கோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்த எண்ணெயில் ஒரு கேன் குறைந்தது. ஓடின எண்ணெயை துருப்பிடிக்காமலிருக்க வண்டியடி ஸ்பிரிங் பட்டைக்குப் பூசுவது நம் லாரிக்காரர் வழக்கமாச்சே! பூசியது போக மீதியைப் போர்வெல் வண்டிக்காரருக்குத் தானம் பண்ணியிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! "அது கழிவில்லீங்கண்ணா, மறுபடி ஹைட்ரஜன் ஏத்தி இதையேதான் திரும்பத் திரும்ப ஊத்துவோம்" என்றேன். மனுஷன் வாயைப் பிளந்துவிட்டார்.

"செத்த எண்ணெய்க்கு உசுரு வருமுங்களா! இருங்க, போய்ச் சுரண்டிக்கிட்டு வாரேன்."

தொப்பூர் மேடு

முழு லோடு கோழித் தீவனம். கேபினில் நாங்கள் மூன்று பேர். பாதி மேட்டில் முன்னால் போன டிரெய்லர் நின்றுவிட, நாங்களும் நின்றோம். அத்தனை கனத்தோடு நின்ற இடத்திலிருந்தே ஏறணும். மாரப்பண்ணன் மிதித்தார். உறுமல் இல்லை, புகை இல்லை. "போச்சு, நின்னு போச்சு" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் சன்னலைப் பார்த்தேன். பாறை பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. டிரெய்லரைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தோம். அம்மாடி, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

உச்சியில் நிறுத்தினோம். புகை வரவேண்டிய குழாயில், ஹைட்ரஜன் கரண்டான பிறகு மிஞ்சும் தண்ணீர் சொட்டியது. அதைக் கையில் ஏந்திய அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

"ஆமாங்க, என்ற வண்டிதான். மேட்டு மேலதான் நிக்கறேன். நாளைக்கு லோடு போடுங்க."

நான் டீசல் மெக்கானிக்காக இருந்த காலத்தில், வண்டி பழுதாகி நின்று போனால்தான் எனக்கு மரியாதை. அன்றைக்கு நின்று போகாமல் ஏறிய வண்டிக்கு நானே கும்பிடு போட்டேன்.