எதிர்க்காற்றில் எண்பது நிமிடம்

இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர், ஒரு மலை, வேறொன்றுமில்லை. இந்தக் கோடியில் நம்ம ஆள் நிலையப் பொறுப்பாளர். அந்தக் கோடியில் அவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதே வேலையில். தினம் ஒரே ஒரு குட்டி விமானம் போய் வரும். போகும்போது எதிர்க்காற்று, எண்பது நிமிடம். வரும்போது காற்றே தள்ளிவிடும், அறுபது நிமிடம்தான்.

மாமனாருக்குக் காற்றைப் பற்றி யார் புரியவைப்பது? "பெரிய மாப்ளே அனுப்பினா ஒரு மணி நேரத்துல வந்து நிக்குது. நீங்க அனுப்பினா மட்டும் ஏன் மாப்ளே இவ்ளோ நேரம்?" என்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதே கேட்பார். நம்ம ஆளுக்கு வயிறு எரியும். பத்தொன்பது வருஷமாக எரிகிறது. சகலை ஒரு வார்த்தை பேசமாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த லட்சணத்தில் வட்டார அதிகாரி பதவி காலியானது. போட்டியில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். நேர்காணல் சகலையின் நிலையத்தில். தலைமை அதிகாரி முதல் நாளே அங்கே போய் இறங்கிவிட்டார்.

"பாத்தியா, உபசாரம் பண்ணியே ஆளை மடக்கிடுவாரு உங்க அக்கா வீட்டுக்காரரு" என்று மனைவியிடம் பொருமினார்.

மறுநாள் காலை விமானத்தில் ஏறுமுன், புறப்பாட்டுச் செய்தியை ரேடியோவில் தானே சொன்னார். பயண நேரம் எண்பது என்பதற்குப் பதிலாக அறுபது என்றார். காற்று திசை மாறுகிற நாளில் அப்படியும் ஆவதுண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தாமதம் எப்போதும் இறங்குகிற நிலையத்தின் பெயரில்தான் எழுதப்படும். அதிகாரி கண்ணெதிரிலேயே சகலைக்கு இருபது நிமிடக் கரும்புள்ளி! மூக்கு உடையட்டும் என்று ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார்.

எழுபதாவது நிமிடத்தில்தான் மண்டையில் உறைத்தது. சொன்ன நேரம் தாண்டிப் பதினைந்து நிமிடமாகியும் விமானம் வராவிட்டால் அபாயச் சங்கு ஊத வேண்டும், அது விதி. விமானி பேசுவது அங்கே கேட்பதோ, மலையைத் தாண்டிய பிறகு, கடைசி மூன்று நிமிடம்தான். அடப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இறங்கியபோது ஓடுபாதையோரம் தீயணைப்பு வண்டி நின்றது. சகலை ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"தம்பி... உசுரே போயிடுச்சு தம்பி!" ஐம்பது வயது மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

பின்னாலேயே அதிகாரி. "யாருய்யா அறுபதுன்னு சொன்னது?"

சகலை கையிலிருந்த செய்திச் சீட்டைப் பார்த்தார். நம்ம ஆளைப் பார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எண்பதுன்னுதான் சொன்னாங்க சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

நம்ம ஆள் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

பதவி நம்ம ஆளுக்கே வந்தது. அதற்காக வைத்த விருந்தில் மாமனார் முதல் முறையாக அவர் தோளைத் தட்டினார். "கடைசியில அக்கா வீட்டுக்காரரை ஜெயிச்சுட்டீங்க!" என்று மனைவி காதோடு சொல்லிப் பூரித்தாள். எதிரே சகலை வழக்கம்போல் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். பதவி போனதே என்ற வருத்தம் முகத்தில் துளிகூட இல்லை. இந்த ஆளால் எப்படி இப்படி இருக்க முடிகிறது? நம்ம ஆள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வயிறு எரிந்தது, முன்பைவிட அதிகமாகவே எரிந்தது.