ஒடெட் வைத்துத் தைத்த துணி

ஒடெட் பூலியான் அந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு ஜெர்சியின் அக்குளைத் தைத்துக்கொண்டிருந்தாள். கனடாவின் சிக்குத்திமி ஊரில், ஐஸ் ஹாக்கி ஆடும் பனித்தளத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் தையல் அறையில் அவளுக்கு இது பத்தொன்பதாவது குளிர்காலம். கணவன் படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருடமும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

ஜெர்சி, வெளியூர் அணியின் கோல்கீப்பர் மர்த்தேலுடையது. பஸ் கதவில் மாட்டிக் கிழிந்துவிட்டது. வந்தவர்களின் கிழிசலையும் தைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். கிழிசலை மூடியவள், உள்ளூர் கோல்கீப்பருக்குச் செய்து பழகிய கையோடு, கைக்கும் விலாவுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு துணியும் வைத்துத் தைத்துவிட்டாள்.

போட்டுப் பார்த்த மர்த்தேல் கையை விரித்துச் சிரித்தான். "இது சட்டை இல்லம்மா, கூடாரம்!"

அவள் மருமகன் ரெனால் உள்ளூர் அணியில் கோல் போடுகிறவன். ஆறு வருடத்துக்கு முன் ஒரே பருவத்தில் நாற்பத்தொரு கோல். இந்தப் பருவத்தில் இதுவரை நான்கு. கிறிஸ்துமஸுக்குள் இன்னொன்று விழாவிட்டால் அணியை விட்டுக் கிளம்பலாம் என்று கோச் சொல்லியிருந்தார். அதற்குள் இருந்ததே அன்றைய ஆட்டம் ஒன்றுதான்.

கடைசிப் பகுதியில் ரெனால் தனியாகப் போய், கோல்கீப்பரின் கைக்கடியில் குறிபார்த்து அடித்தான். பக் என்கிற ரப்பர் வட்டு அந்தத் துணியில் போய்த் தொங்கியது; கோல் விழவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஒடெட் அவனிடம் போனாள்.

"அங்க எப்பவும் இடம் இருக்கும் அத்தை. கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன்."

"அத அடச்சது நான்தான். மத்தியானம்."

"நம்ம ஆளுக்குத் தெச்சீங்க, சரி. அவனுக்குமா?"

"கை பாட்டுக்குத் தெச்சிடுச்சு. திட்டணும்னா திட்டிக்கோ."

"திட்டி என்ன ஆகப்போவுது? எல்லா ஊர்லயும் ஒரு அத்தை தைக்கிறாங்க. கோல்கீப்பரோட கால் பட்டை கதவு அகலம் ஆயிடுச்சு. மிச்ச எடத்துல அஞ்சு பேரு பக்க ஒடம்பால தடுக்கக் குறுக்க விழுந்து படுத்துக்குறானுங்க."

"கோச் என்ன சொன்னாரு?"

"நானும் அப்படி விழுந்து படுத்தா அணியில இருக்கலாமாம். சரின்னுட்டேன். உங்க மககிட்ட இப்ப சொல்லிடாதீங்க."

"முப்பத்துமூணு வயசுல விலா எலும்பு தாங்குமா?"

"வேற வேலை தெரியாதே அத்தை."

மறுநாள் காலை ஒடெட் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகவில்லை. தையல் அறையைத் திறந்து, ரெனாலின் உள்சட்டையில் விலாப்பக்கம் கெட்டிக் கம்பளித் துணியை இரண்டடுக்காக வைத்துத் தைத்தாள். அவன் எப்போதும் இடப்பக்கமாகத்தான் விழுவான். அந்தப் பக்கம் மட்டும் மூன்றடுக்கு.