அண்ணன் காலுக்குப் பூக் கேட்டது

என் அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. எங்கள் வீட்டில் அதை யாரும் ஒரு நோயாகவே மதிக்கவில்லை. பாதத்தில் உணர்ச்சி செத்துவிட்டது. முள் ஏறினாலும் தெரியாது. அதை அவன் பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

ஐம்பதுகளின் கடைசி அது. வில்பட்டியில் மார்கழிக் குளிருக்குக் கரிச்சட்டி மூட்டிக் காலை நீட்டி உட்காருவோம். ஒரு சாயங்காலம் மதினி மூக்கைச் சுளித்தாள்.

"என்னமோ தீயுதுங்க."

"ஒன் சமையலாத்தான் இருக்கும்," என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். தீய்ந்தது அவன் பெருவிரல்.

மஞ்சளை அப்பித் துணி சுற்றிக்கொண்டு முட்டைக்கோசுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனான். வலிக்காதபோது எவன் படுப்பான்? ஐந்தாம் நாள் பாதம் வீங்கிப் பளபளத்தது. மறுநாள் முழங்கால் வரை கறுத்து, கொப்புளங்கள் உடைந்து, செத்த எலி நாற்றம். அமுக்கினால் தோலுக்கடியில் நறநறவென்றது. காய்ச்சலில் உளறத் தொடங்கிய பிறகுதான் கோசு லாரியில் போட்டுக் கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். "சதை அழுகி மேல ஏறுது. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இது வெரசா ஏறும். இன்னிக்கே தொடையில வெட்டி எடுக்கணும். கையெழுத்துப் போடுங்க."

அப்பா போடவில்லை. "சாமிகிட்ட கேக்காம எப்படி வெட்டுறது? ஏலே, ஊருக்குப் போயி பூக் கேட்டுட்டு வா," என்றார் என்னிடம்.

மதினி அவர் காலில் விழுந்தாள். "வெட்டச் சொல்லுங்க மாமா. உசிரு கெடந்தாப் போதும்."

"நொண்டிய வச்சு என்னத்தப் பண்ணுவ?"

எங்கள் வழக்கம் இதுதான். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன் போடுவார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. பெண் எடுக்கவும் கிணறு தோண்டவும் கேட்பதை, அழுகும் காலுக்குக் கேட்கப் போனேன். பூசாரி தோட்டத்திலிருந்து வந்து குளித்து முடிக்கும்வரை நின்றேன். அவர் எடுத்துக் கொடுத்த இலையைப் பிரித்தால் சிவப்பு அரளி.

திரும்பும் வழியில் வேலியோரம் வெள்ளைப் பூ பூத்துக் கிடந்தது. ஒன்றைக் கிள்ளியும் விட்டேன். சாமி குத்தம் என் பிள்ளைகள் தலையில் விடியுமே என்று பயந்து எறிந்துவிட்டு நடந்தேன்.

"சிவப்பு," என்றேன் அப்பாவிடம். அவர் டாக்டரைப் பார்த்துக் கையை விரித்தார்.

மறுநாள் காலையில் கறுப்பு இடுப்பைத் தொட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவே பேனா கேட்டார்.

"இனி எந்த இடத்துல வெட்டச் சொல்றீங்க?" என்றார் டாக்டர். மத்தியானம் அண்ணன் செத்தான்.

காரியம் முடிந்த அன்று மதினி என்னிடம் வந்தாள். "கொழுந்தனாரே, வெள்ளைன்னு ஒரு பொய் சொல்லியிருக்கப்படாதா?"

"எனக்கும் புள்ளைங்க இருக்குல்ல மதினி," என்றேன்.

"எனக்கும் ரெண்டு இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகும் பல வருஷம் எனக்குச் சோறு போட்டாள். பேசவில்லை.