யார் எடுத்தது என்று மட்டும் கேட்டார்கள்

என் அக்காவின் வலது கண்ணைப் பறித்தது என் மாமா இல்லை. அந்தக் கண்காட்சியை நடத்திய அதிகாரிகளே, நீங்கள்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஆத்தூர், அப்பா வெற்றிலைக் கொடிக்கால் பார்த்தார். அம்மாவின் தம்பி தூத்துக்குடி துறைமுகத்தில் வெல்டராக இருந்தார். துபாய்க்கு விசா வந்துவிட்டது. போகுமுன் அக்காவையும் என்னையும் ஒருநாள் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். எனக்கு மக்ரூன் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் நடந்தபோது, சரக்கு அடுக்கி வைக்கிற ஒரு பழைய கிட்டங்கியின் வாசலில் பழம்பொருள் கண்காட்சி என்று துணி கட்டியிருந்தது. இலவசம் என்றும் எழுதியிருந்தது. நுழைந்துவிட்டோம்.

முத்துக்குளிக்கிறவர்கள் காலில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கிய கல், மேசைத் துணி காற்றில் பறக்காமலிருக்க மூலையில் உட்கார்ந்திருந்தது. ஒரு பீரங்கிக் குண்டு கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. சரித்திரத்துக்கு அவ்வளவு மரியாதை. நடு மேசையில் ஒரு நீளத் துப்பாக்கி. கண்ணாடி இல்லை, கயிறு இல்லை, தொடாதே என்று ஒரு அட்டைகூட இல்லை.

காவலுக்கு நின்ற பெரியவர் மாமாவைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"துருப்பிடிச்சு விசை அசையாமக் கெடந்துச்சு தம்பி. தெறப்பு விழாவுக்குள்ள பளபளன்னு ஆக்கணும்னாங்க. நாந்தான் தேங்கா எண்ணெய விட்டுத் தேச்சுத் தேச்சு இளக்குனேன். இப்பம் வெரல் பட்டாலே அசையும்."

"தொடலாமா அண்ணாச்சி?"

"தெறக்க வந்த ஆபீசரே தோள்ல வச்சு போட்டோ எடுத்துக்கிட்டாரு. நீங்க தொட்டா தேஞ்சா போயிரும்?"

மாமா எடுத்தார். அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"மாமா, வெளக்குமாத்தப் பிடிச்ச மாதிரி இருக்கு. துபாய்ல இப்படி நின்னா பெருக்கத்தான் விடுவாங்க."

"ஏளா, நீதான் கொள்ளக்காரி. கையத் தூக்கு."

அக்கா சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். முதலில் தீபாவளிக் கேப்பு வெடிக்கிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம். உடனே கிட்டங்கியே அதிர்ந்தது. புகை அடங்கியபோது அக்கா தரையில் கிடந்தாள். மாமா துப்பாக்கியைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எந்தக் காலத்திலோ யாரோ அந்தக் குழலில் வெடிமருந்தைக் கெட்டித்துக் கேப்பும் மாட்டிவிட்டுச் சுடாமலே வைத்திருக்கிறார்கள். அத்தனை வருடமும் துருதான் அது யாரையும் கொல்லாமல் காத்தது. நீங்கள் துருவை எடுக்கச் சொன்னீர்கள். குழலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு குச்சியை விட்டுப் பார்க்கச் சொல்லவில்லை.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் மக்ரூன் பொட்டலத்தை நசுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்காட்சியை நடத்திய அதிகாரி வந்தார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைத் தடவினார். அன்று முழுக்க என்னிடம் அன்பாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

"பாப்பா, பயப்படாமச் சொல்லு. துப்பாக்கிய எடுத்தது யாரு?"

"மாமா."

"யாரும் எடுத்துக் கையில குடுக்கலல்லா?"

"இல்ல. மாமாதான் எடுத்தாங்க."

"கெட்டிக்காரி" என்றார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். பெரிய மனுஷர் பாராட்டினார். இதற்கு மேல் அந்த வயதில் என்ன புரியும்?

வழக்கு மாமா மேல் விழுந்தது. விசா போயிற்று. அம்மா அவர் முகத்தில் விழிக்கவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தால் தெருமுனையில் நின்று எங்கள் வாசலைப் பார்ப்பார், போய்விடுவார். குடித்தார். தானே மருமகளின் கண்ணைப் பறித்ததாக நம்பிக்கொண்டே செத்தார். அப்படி இல்லை என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு எனக்கு விவரம் வந்தபோது கேட்க அவர் இல்லை.

போன மாதம் என் மகனோடு தூத்துக்குடிக்குப் போனேன். அந்தக் கண்காட்சிக்கு இப்போது வேறு கட்டடம், டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். அதே மாதிரி நீளத் துப்பாக்கிகள் நாலைந்து சுவரோரம் சும்மா சாத்தியிருக்கின்றன. அன்றைய துப்பாக்கி அதில் உண்டா, தெரியாது. எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் ஒன்றைத் தோளில் வைத்துக் கூட்டாளியைக் குறிபார்க்க, இன்னொருவன் செல்போனில் படம் பிடித்தான். கத்திவிட்டேன். ஊழியர் ஓடி வந்து சத்தம் போட வேண்டாம் என்று என்னைத்தான் அதட்டினார்.

அக்காவிடம் சொன்னேன். இருக்கிற கண்ணால் என்னைப் பார்த்தாள். "விடுளா. யாரு பதில் சொல்லுதா? அன்னைக்கு நம்ம வாயாலயே பதில வாங்கிட்டுப் போயிட்டாங்கல்லா."

அவள் சொல்வது சரி. நீங்கள் பதில் சொல்வீர்கள் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எடுத்தது யார் என்று ஒரு குழந்தையிடம் கேட்டீர்கள், அது ஒளிக்காமல் சொன்னது. அதை அங்கே வைத்தது யார் என்று அன்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இப்போது நான் கேட்கிறேன். உள்ளே பார்க்காமல் அந்தத் துப்பாக்கியை மேசையில் வைக்கச் சொன்னது யார்? என் காதில் வந்து சொல்ல வேண்டாம். ஊர் அறியச் சொல்லுங்கள்.