பின்வாசல் கதை

மியூன்ஸ்டர் நகரத்தில் ரோஸ்விதாவைப் போல வேகமாகத் தட்டச்சு அடிக்க ஆள் கிடையாது. பேராசிரியர் ஹிர்ஷ்பெர்க் வீட்டைவிட்டு வெளியே வராத பிறவி. தத்துவத்தையெல்லாம் டேப்பில் பேசித் தபாலில் அனுப்புவார். பதினோரு வருஷமாக அந்தக் குரலைத் தட்டச்சில் அடித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கிய ரோஸ்விதா, ஆளை ஒருநாளும் பார்த்ததில்லை.

"நவீன காலம் கடவுளின் சொத்தைத் திருடிப் பிழைக்கவில்லை, அதற்குச் சொந்தக் கால் உண்டு" என்பார் டேப்பில். "ஆனால் தேவாலயம் காலியானாலும் மனிதன் புராணத்தை விடமாட்டான். பயத்தை எட்டி நிறுத்த அவனுக்குக் கதை வேண்டும்." அடுப்படியிலிருந்து அம்மா ஹெட்விக், "பூசைக்கே போகாத மனுஷன், சாமியைப் பத்தி எவ்வளவு பேசறான் பாரு!" என்று நொடிப்பாள். அவளுக்கு வயது எண்பத்தேழு.

அந்தக் குடும்பத்துக்கும் ஒரு புராணம் இருந்தது. 1938 நவம்பரில், நாஜிகள் யூதர் வீடுகளை அடித்து நொறுக்கிய மறுநாள், தலைமையாசிரியரான ரோஸ்விதாவின் அப்பா ஒரு யூதப் பையனைப் பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வழியாகத் தப்பவிட்டாராம். கிறிஸ்துமஸ் வாத்துக்கறியைப் பரிமாறுமுன் அம்மா இதைச் சொல்லாமல் விடமாட்டாள். ரோஸ்விதா ஊரில் தலை நிமிர்ந்து நடந்ததே அந்தக் கதையை வைத்துத்தான்.

1983 மார்ச்சில் வந்த டேப்பில், பேராசிரியர் முதல்முறையாகத் தன் வீட்டுக் கதையைப் பேசினார். "தலைமையாசிரியர் தியோடர் அவர்பெக் என் அண்ணனைப் பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார். அங்கே அவனைப் பிடிக்க ஆட்களை வரவழைத்திருந்தவரும் அவரே. அண்ணன் திரும்பவில்லை."

ரோஸ்விதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேப்பைப் பின்னால் ஓட்டி மூன்று தடவை கேட்டாள். அப்பா பெயரை விட்டுவிட்டு, 'ஒரு தலைமையாசிரியர்' என்று அடித்தால் யாருக்குத் தெரியும்? பேராசிரியர் எதையும் சரிபார்க்கிறவரில்லை. அவள் அடித்தது அப்படியே அச்சுக்குப் போகும். கல்யாணமாகிக் குடும்பப் பெயர் மாறிய அவள் அவர்பெக்கின் மகள் என்பதும் அவருக்குத் தெரியாது.

மனசு கேட்காமல் அடுப்படிக்குப் போனாள். "அம்மா, அப்பா அந்தப் பையனை நிஜமாவே காப்பாத்தினாரா?"

ஹெட்விக் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். "யாருடி என்ன சொன்னா?"

"அவனோட தம்பி."

கத்தி நின்றது. "பிடிச்சுக் குடுத்ததை அன்னைக்கு மத்தியானம் சூப் குடிச்சுக்கிட்டே எங்கிட்ட சொன்னாரு. ஏழு வயசுக்காரி நீ அவரு மடியில உக்காந்திருந்தே. நான் என்னடி பண்ணுவேன்? மாத்திச் சொன்னேன். மொதல்ல உனக்கு. அப்புறம் எனக்கே."

"நாப்பத்தஞ்சு வருஷமா, அம்மா?"

"எழுதிடாதேடி. நான் கண்ணை மூடுற வரைக்குமாவது விட்டு வை."

ரோஸ்விதா விக்கி விக்கி அழுதாள். பிறகு அறைக்குப் போய், காகிதத்தை ஏற்றி, அப்பாவின் முழுப் பெயரையும் அடித்தாள். அம்மாவின் கதையில் அந்தப் பையனுக்கு ஒருநாளும் பெயர் இருந்ததில்லை. டேப்பில் இருந்தது. எர்வின் ஹிர்ஷ்பெர்க், பதினேழு வயது. அதையும் அடித்தாள்.