சாருக்குத் தெரியாத ஒரே மொழி

இன்று சிம்மக்கல்லில் பரவை பஸ் ஏறினால், பக்கத்து இருக்கையில் எங்கள் மொழியியல் பேராசிரியரின் மனைவி. மாணவர்கள் எல்லோருக்கும் அவர் அம்மாதான். சார் இறந்த பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். போனில் தங்கையோடு சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டிருந்தார்.

பேசி முடித்துவிட்டுச் சொன்னார்: "அம்புட்டு மொழி படிச்ச மனுசனுக்கு எங்க வீட்டுப் பாசை மட்டும் கடைசி வரைக்கும் ஏறலம்மா."

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "கல்யாணமான வருசமே கத்துக்கிட்டேன்னு கிளாஸ்ல சொல்லுவாரேம்மா. தெரியும்னு காட்டுனா அவரு முன்னாடி பேச மாட்டீங்களாம், அதான் மூச்சு விடலையாம்."

பஸ் வைகைப் பாலம் தாண்டும்போது அம்மா போனை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "கால் வலிக்குதுன்னு தங்கச்சிகிட்டதான் சொல்லுவேன். மறுநாள் எனக்கு முந்தி எந்திரிச்சு காப்பி போட்டு வச்சிருப்பாரு. எப்படித்தான் தெரியுதோன்னு நெனப்பேன்."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ, அவரு பாடுறத அவரு முன்னாடியே எம்புட்டு கிண்டல் பண்ணிருக்கோம்."

"அப்ப சார் என்ன பண்ணுவாரு?"

"இன்னும் சத்தமாப் பாடுவாரும்மா."

அடுத்த நிமிடம் தங்கைக்கு மறுபடி போன். பரவை வரும் வரை அக்காவும் தங்கையும் சிரித்துத் தீர்த்தார்கள். எனக்குத்தான் ஒரு வார்த்தையும் புரியவில்லை.

மன்னிச்சிருங்க சார், போட்டு உடைத்துவிட்டேன்.

கூடப் படித்தவர்களே, சார் வேறு எதையெல்லாம் வீட்டில் சொல்லக்கூடாது என்றார்? சீக்கிரம் சொல்லுங்கள். நாளைக்கும் எனக்கு இதே பஸ்தான்.