ஏஞ்சலின் ஒட்டிய சீன ஓவியம்

காக்களூர் தொழிற்பேட்டையில் நோட்டுப் புத்தகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் ஏஞ்சலினுக்குப் பத்தொன்பது வருட வேலை. அட்டை ஒட்டும் பிரிவு. பசை காய்ச்சுவதும் அவர்தான்.

முதலாளி வீரராகவனின் அறையில் ஒரு சீன ஓவியம் தொங்கியது. இயந்திரம் பொருத்த வந்த லியு என்ற சீனப் பொறியாளர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது. மெல்லிய தாளில் கறுப்பு மையால் ஒரு மலை, கீழே ஆறு, படகில் தொப்பி போட்ட ஒரு ஆள். சுற்றிலும் பட்டுக் கரை. பாய்போலச் சுருட்டி வைக்கலாம்.

டிசம்பர் மழையில் அந்தச் சுவர் ஒழுகியது. நான்கு நாள் கழித்துக் கம்பெனியைத் திறந்தபோது ஓவியம் கொப்புளம் கொப்புளமாக உப்பி, கீழ்ப்பாதி பின்னால் ஒட்டியிருந்த தாளிலிருந்து கழன்று கிடந்தது.

"குப்பைல போட்டுடு ஏஞ்சலினு," என்றார் வீரராகவன்.

"இது கிழியல சார். பசைதான் வுட்டுக்கினு கீது. திரும்ப ஒட்டலாம்."

"இது இன்னா நோட்டு அட்டையா?"

"குப்பைக்குப் போறதுதானே சார். நான் பாக்கறேனே."

அவர் லியுவின் எண்ணைக் கொடுத்தார். ஏஞ்சலின் தமிழில் பேச, போன் அதைச் சீனத்துக்கு மாற்றியது. லியுவின் ஊரில் இதற்கென்றே கடைகள் இருந்தன. அங்கே எடுத்த வீடியோக்களையும், பின்னால் ஒட்டும் தாள்கட்டு ஒன்றையும் அவர் அனுப்பிவைத்தார். மைதாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி, ரப்பர்போல் மிஞ்சுவதை நீக்கிவிட்டு, அடியில் படிந்த மாவை மட்டும் காய்ச்ச வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கக் கம்பெனிப் பசையில் போடும் மயில்துத்தம் இதற்கு ஆகாது, சிட்டிகை படிகாரம் போதும் என்றார் லியு.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வெறும் தாளில் பழகினார். நான்காவது ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கணவர் வரதனோடு கம்பெனிக்கு வந்தார். பட்டுக் கரையைக் கழற்றி வைத்துவிட்டு, ஓவியத்தை மேசையில் குப்புறப் போட்டு, பிரஷ்ஷால் தண்ணீர் தடவினார்.

"மையி ஓடிடப் போவுது," என்றார் வரதன்.

ஏஞ்சலினுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மேசையில் துளிக் கறுப்பும் இல்லை. ஒரு மூலையில் இருந்த சிவப்பு முத்திரைகூட அப்படியே இருந்தது.

பழைய பின்தாளை விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுக்க நான்கு மணி நேரம் ஆனது. படகுக்குப் பக்கம் வந்தபோது அவசரப்பட்டுவிட்டார். அரிசி அளவுக்குத் தாள் பெயர்ந்து, உருண்ட குப்பையோடு போய்விட்டது. திருப்பிப் பார்த்தால் படகுக்காரரின் தொப்பியில் பாதியைக் காணோம். ஏஞ்சலின் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, புதுத் தாள் துணுக்கு ஒன்றை டீத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கி, ஓட்டையை அடைத்தார். அதன் மேல் எதுவும் வரையவில்லை. பிறகு புதுப் பின்தாளை ஒட்டி, ஓவியத்தைப் பலகையில் ஓரங்களை மட்டும் ஒட்டி விறைப்பாகக் காயவிட்டார்.

பத்து நாளில் அது சுருக்கமில்லாமல் வந்தது. பட்டுக் கரையைத் திரும்ப ஒட்டி வீரராகவனிடம் நீட்டும்போது, "தொப்பில பாதி என்னால போயிடுச்சு சார்," என்று தானே காட்டினார்.

வீரராகவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தார். "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்று சொல்லி, ஒழுகாத சுவரில் ஆணி அடிக்கச் சொன்னார்.

அடுத்த ஆண்டு இயந்திரத்தைச் சரிபார்க்க வந்த லியு, வேலையைத் தொடங்குமுன் ஓவியத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு சிறு பூ ஓவியத்தை எடுத்து மேசையில் விரித்தார். பட்டில் வரைந்தது, மடிப்பில் இற்றுப் பிளந்திருந்தது. ஒட்டித் தர முடியுமா என்று போன் தமிழில் கேட்டது.

ஏஞ்சலின் பட்டின் ஓரத்தை இலேசாக இழுத்துப் பார்த்தார். இழை நகர்ந்தது.

"தாளு மாதிரி இல்ல சார் இது, நனைச்சா நெளியும். மொதல்ல வேற பட்டுத் துணில பழகிக்கறேன். ரெண்டு மாசம் ஆவும்."

லியு சரியென்று தலையாட்டி, ஓவியத்தை அவரிடமே விட்டுப் போனார்.